பாதித் தங்கத்துக்கு யார் நன்றி சொல்வது?

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிறகு கேட்டால் மழுப்பிவிடுவேன். கடல் கடந்து வந்து குமாசியில் நான் குடியிருக்கும் அறைக்கும் வீட்டுக்காரர்களின் கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் கனம். பூச்சு உதிர்ந்த இடத்தில் என் பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறேன். அது மரியாதைக்கு. காது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பத்தொன்பது வருடமாக வாடகை கொடுக்கிறேன். கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கும் எழுதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்ட வாக்கியம் இது:

"உங்க தங்கத்தை உங்க அக்காவே கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கட்டும், வாத்தியாரே."

சொன்னவர் அக்குவா தூஃபி. வயது அறுபத்தொன்று, கெஜெட்டியா சந்தையில் அச்சுத்துணி விற்பவர். கேட்டுக்கொண்டவர் அவருடைய கணவர் யாவ் அம்பொன்சா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். (அவர் பெயருக்குள் பொன் இருப்பது என் கைவரிசை அல்ல. அவர்கள் ஊரில் அது சாதாரணப் பெயர்.) முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். நான் குடியிருந்த பத்தொன்பது வருடத்தில் ஓர் இரவுகூட அக்குவா தூஃபி "உங்க தங்கம்", "உங்க அக்கா" என்று பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

2

எடுத்தேனே தவிர, ஆரம்பம் வரவில்லை. கிழித்துப் போட்டவற்றை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை.

ஆரம்பம் அ: "சந்தையின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்குவா தூஃபி தன் துணிக்கட்டுகளை" — நிறுத்திவிட்டேன். மழை பெய்தால் கதை தானாகத் தொடங்கிவிடும் என்று நம்புகிற கட்சி நான். அன்றைக்கு மழையே இல்லை.

ஆரம்பம் ஆ: "மண்ணைத் தோண்டினால் தங்கம் கிடைக்கும் நாட்டில், ஒரு கிழத் தம்பதி தங்கம் வாங்க வங்கி வாசலில் நின்ற முரணை" — இது கதை இல்லை, ஞாயிறு மலர்க் கட்டுரை. மேலும் அக்குவா தூஃபியைக் கிழம் என்று எழுதிவிட்டு இந்த வீட்டில் நான் குடியிருக்க முடியாது.

ஆரம்பம் இ: பத்திரத்திலிருந்து தொடங்கலாம். அதுதான் நியாயம்.

3

வாத்தியார் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தை முழுக்க அரசுப் பத்திரத்தில் போட்டார். "அரசாங்கம் எங்க மேடம் ஓடிப்போகும்?" என்று கேட்டார். மனைவியை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் மேடம்தான்.

அரசாங்கம் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, பணம் தரும் நாளைத் தள்ளி வைத்தது, வட்டியையும் வெட்டப் பார்த்தது. ஊரில் அதற்கு முடிவெட்டு என்று பெயர் வைத்தார்கள். ஓய்வூதியக்காரர்கள் தலைநகரில் அமைச்சகத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வாத்தியாரும் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்தார். தாமதமாக, துண்டு துண்டாகப் பணம் வந்து சேர்ந்தது. திரும்பி வந்தவரின் வழுக்கைத் தலையைப் பார்த்து அக்குவா தூஃபி, "இனிமே வெட்டணும்னா காதைத்தான் வெட்டணும்" என்றார். இரண்டு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். இதில் இருக்கும் அதிசயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இங்கே புருஷன் பணம் வேறு, பெண்டாட்டி பணம் வேறு. புருஷன் செத்தால் அவன் சொத்து அக்கா தங்கையின் பிள்ளைகளுக்கு, அதுதான் வழக்கம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் சட்டம் தலைநகரில் இருக்கிறது, வாத்தியாரின் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். ஆகவே புத்தியுள்ள எந்தப் பெண்ணும் தன் காசைப் புருஷன் காசோடு கலக்கமாட்டாள். அக்குவா தூஃபி புத்தியுள்ளவர்.

வாத்தியார் கரும்பலகையில் கட்டம் போட்டார்: அரசின் குறுகிய காலக் கடன் சீட்டு இவ்வளவு, வங்கி வைப்பு இவ்வளவு, தங்கம் பத்தில் ஒரு பங்கு. அக்குவா தூஃபி பலகையைத் திரும்பியே பார்க்கவில்லை. மேசை மேல் மூன்று துணிகளை மடித்து வைத்தார்.

"இது கல்யாணத்துக்கு எடுக்கிற துணி. நல்ல காலத்துல பறக்கும். இது பள்ளிக்கூடம் திறக்கிறப்போ போகும். இது சாவுக்கு." மூன்றாவது கறுப்பும் சிவப்பும் கலந்த துணி. "ஊர் நல்லா இருந்தா இது மூலையில கிடக்கும். ஊருக்குக் கேடு வந்துச்சுன்னா, மத்த ரெண்டும் படுத்துடும், இது நின்னு சோறு போடும். தங்கம் இதுதான் வாத்தியாரே. நான் நாப்பது வருஷமா ஒரே டிசைனை மட்டும் வச்சுக்கிட்டா கடை நடத்தினேன்?"

"தங்கம் வட்டி தராது மேடம். குட்டி போடாத ஆடு அது."

"குட்டி போடாது, சரி. அமைச்சகத்து வாசல்ல உங்களை உக்கார வைக்காது இல்ல?"

அவர் பத்தில் ஒன்று என்றார், இவர் பாதி என்றார். மூன்றில் ஒன்றில் வந்து நின்றார்கள். நகையா நாணயமா என்ற பேச்சு வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு துன்பங்களை ஊரில் எங்கள் வீட்டு அனுபவத்தோடு விளக்கினேன். அக்குவா தூஃபி கையில் கிடந்த வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாணயம் என்றார். தேசிய வங்கி வெளியிடும் நாணயம், மற்ற வங்கிகளிலும் கிடைக்கும். கால் அவுன்சு நாணயம் எட்டு. பாதிக்கு அவர் பணம், பாதிக்கு இவர் பணம்.

4

(இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன். தவறு நடந்த இடம் இது. தவறு நடக்கும் இடத்தில் எழுத்தாளன் வர்ணனை செய்துகொண்டிருந்தால் அவனை நம்பாதீர்கள்.)

ஆளுக்கு நாலு என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்குவா தூஃபியும் அப்படித்தான் நினைத்திருந்தார். வங்கிக்குக் கிளம்பும் காலையில் வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"முப்பத்தெட்டு வருஷம் ரெண்டு பெட்டி வச்சிருந்தோம். கடைசிக் காலத்துலயாவது ஒரே பெட்டியா இருந்துட்டுப் போவோமே."

அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அக்குவா தூஃபி என்னிடம் பிறகு சொன்னார்: அதைக் கேட்டதும் மறுபடி உள்ளே போய்த் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாராம். அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாம். அந்தச் சந்தோஷத்தோடே வங்கிக்குப் போனார்.

படிவத்தில் 'வாங்குபவர் பெயர்' என்று ஒரே ஒரு கோடு. இரண்டு பெயர் வேண்டுமானால் வேறு படிவம், அது அடுத்த வாரம் வரும் என்றாள் அங்கே இருந்த பெண். விலையோ தினமும் ஏறிக்கொண்டிருந்தது. வாத்தியாரின் கணக்கு அந்த வங்கியில்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். எட்டும் அவர் பெயரில், வங்கியின் பெட்டகத்தில்.

அன்று ராத்திரி அக்குவா தூஃபிக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு நாணயம் என்றால் அவருடைய முதுமை மொத்தமும் அதுதான். கடையை இந்த வருடத்தோடு மூடிவிடலாம் என்று இருந்தார். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. விடிந்ததும் புருஷனிடம், "பாதி என்னோடதுன்னு உங்க வீட்டு ஆளுங்க காதுல போட்டு வையுங்க" என்றார். கேட்டது அவ்வளவுதான்.

5

வாத்தியார் மனைவி சொல்லைத் தட்டாதவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அழகாகச் செய்ய நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் தன் அக்கா மான்சாவை வரச்சொன்னார். கூடவே அக்காவின் மகன் பாஃபோ. அக்குவா தூஃபியின் தம்பி ஒபுவாசியிலிருந்து வரவேண்டியிருந்தது. வழியில் வண்டி நின்றுவிட்டது. அக்குவா தூஃபி என் கதவைத் தட்டி, "தம்பி, என் பக்கத்துக்கு ஆள் இல்லை. நீ வந்து உக்காரு" என்றார். நான் சட்டை மாற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேசை மேல் ஒரு ஷ்னாப்ஸ் சாராயப் புட்டி இருந்தது. இங்கே நல்லது கெட்டது எதுவும் அந்தப் புட்டி இல்லாமல் நடக்காது. வாத்தியார் எழுந்து நின்றார். வகுப்பு எடுப்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

"நாங்க தங்கம் வாங்கினது எல்லாருக்கும் தெரியும். அதுல பாதிப் பணம் அக்குவாவோடது. மறைக்காம சொல்றேன். அவ குடுத்தா. அதுக்கு இந்தப் புட்டியை வச்சு, உங்க எல்லார் முன்னாடியும் நான் அவளுக்கு நன்றி சொல்றேன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்தது.

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. காரணம் இதுதான். இங்கே ஒரு பொருள் கைமாறினால், வாங்கிக்கொண்டவர்தான் சாட்சிகள் முன்னால் புட்டி வைத்து நன்றி சொல்வார். நன்றி சொல்லி, கொடுத்தவர் ஒரு வாய் குடித்துவிட்டால், கொடுத்தது கொடுத்ததுதான். பொருள் வாங்கியவருடையது. ஆக, தன் மனைவியின் பாதியைக் காப்பாற்றக் கிளம்பிய மனிதர், அந்தப் பாதியையும் தனக்கே அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டு நிற்கிறார். முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

மான்சா அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் பாஃபோவைப் பார்த்தார். பாஃபோ கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லது" என்றார் மான்சா. "அக்குவா குடுத்தா, என் தம்பி வாங்கினான், நன்றியும் சொல்லியாச்சு. பெரிய மனசும்மா உனக்கு. இந்தா."

குவளையை நிரப்பி அக்குவா தூஃபியிடம் நீட்டினார். அவருக்கும் அதே கணத்தில் புரிந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன், விரல்கள் இறுகியதைப் பார்த்தேன். குடித்தால் நாலு நாணயமும் போயிற்று. கீழே வைத்தால், நன்றி சொன்ன புருஷனை அவர் வீட்டு ஆட்கள் முன்னால் அவமானப்படுத்தியதாகும். வாத்தியார் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்குவா தூஃபி குவளையை உயர்த்தி, உதட்டருகே கொண்டுபோய்,

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். காரணம் இருக்கிறது.)

6

மான்சா அக்காவைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம். மேலே எழுதியதை வாசித்தால் அவர் வில்லி மாதிரி இருக்கிறார். அப்படி விட்டுவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் பொய். வாத்தியார் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கட்டணம் கட்டியவர் மான்சா. விடியற்காலை ரொட்டி சுட்டு, தலையில் சுமந்து விற்ற காசு. "அவன் படிச்ச படிப்பு என் அடுப்புல வெந்தது" என்று அவர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தன் பிள்ளைக்குத் தம்பியின் சொத்து வருவது பேராசை என்று அவருக்குத் தோன்றாது. வரவேண்டியது வருகிறது, அவ்வளவுதான்.

மான்சாவும் பாஃபோவும் போன பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு தொடங்கியது.

"நன்றி சொல்றவன்தானே வாங்கினவன். தெருவுல விளையாடுற புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும் மேடம். அந்த நேரத்துல தோணலை. எல்லார் முன்னாடியும் உன்னைப் பெருமையாச் சொல்லணும்னு மட்டும்தான் தோணுச்சு."

நாற்காலி நகர்ந்தது. மறுபடியும் வாத்தியார்தான் பேசினார்.

"நாளைக்கே அக்காவைத் திரும்பக் கூப்பிடறேன். எட்டையும் உனக்குக் குடுத்துட்டேன்னு சொல்றேன். நீ ஒரு புட்டி வச்சு, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லு. முடிஞ்சுது. அப்புறம் எவனும் கிட்ட வரமுடியாது."

"என் காசுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லணுமா?"

"ஒரு வார்த்தைதானே."

"வெயில்லயும் புழுதியிலயும் நின்னு நான் சேர்த்தது வாத்தியாரே. நான் நன்றி சொன்னா, நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? புருஷன் தர்மம் பண்ணினான், அக்குவா பொழைச்சாள்னு சொல்லும். எனக்குத் தங்கமும் வேணும், அது நான் சம்பாதிச்சதுங்கிற பேரும் வேணும்."

"ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா?"

அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: தங்கம், அக்கா, கட்டிப்பிடித்துத் தூங்குவது. கதவு அறைந்து சாத்தப்பட்டது. என் பீரோவின் மேலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

7

மறுநாள் வாழைக்காய் வறுத்த தட்டோடு அக்குவா தூஃபி வந்தார். "சுவருக்கு இந்தப் பக்கம் நல்லாக் கேட்டுச்சா தம்பி?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். மேசையில் கிடந்த காகிதங்களைப் பார்த்ததும், என்ன என்று கேட்டார். பொய் சொல்லும் தைரியம் இல்லாமல் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே பாதித் தட்டை அவரே காலி செய்தார்.

"முழங்கால் தேஞ்சதை எழுதினியா? அதை எடுத்துடு. துணி எடுக்க வர்றவளுங்க, கிழவி கடையை மூடப்போறான்னு விலையைக் குறைச்சுக் கேப்பாளுங்க."

"யாரும் தமிழ் படிக்கமாட்டாங்கம்மா."

"எப்படித்தான் இருந்தாலும்." (எடுக்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டாம்.)

முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் முடிவில் வாத்தியார் உயில் எழுதுகிறார். "எழுதினா, அது அவர் தங்கம், எனக்கு விட்டுட்டுப் போறார்னுதானே ஆகுது? மறுபடியும் தர்மம்தான். அதுவுமில்லாம உயில்னு பேச்செடுத்தா அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும்." இரண்டாவதில் எட்டையும் விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள். "வித்துட்டு மறுபடி பத்திரமா? வேற சொல்லு." மூன்றாவதில் வாத்தியார் யாருக்கும் சொல்லாமல் நாலு நாணயத்தை எடுத்துவந்து இவர் கையில் கொடுத்துவிடுகிறார். "எட்டுன்னு மான்சாவுக்குத் தெரியும். அவர் கண்ணை மூடின அன்னைக்கு அவ எண்ணுவா. நாலு இருந்தா நான் திருடி." நான்காவது முடிவில் இவருக்கு முன்னால் வாத்தியார் போவதே இல்லை. அதற்கு மட்டும் அவர் சிரித்தார். "அதை எழுது. ஆனா எழுதினா நடக்குமா?"

எழுதினால் நடக்காது என்பது எனக்கும் தெரியும். வாத்தியாருக்கு அறுபத்தாறு, சர்க்கரை வேறு.

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். குரல் தணிந்தது.

"தம்பி, அந்தக் குவளை. மான்சா நான் குடிச்சேன்னு சொல்லுவா. பாஃபோ போனைப் பார்த்துக்கிட்டிருந்தான். வாத்தியார் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ என் பக்கத்துல இருந்தே."

"ஆமாம்மா."

"நான் குடிக்கலைன்னா அந்த நன்றி செல்லாது. பாதி என்னோடதுன்னு அவர் வாயாலேயே சொன்னது மட்டும் நிக்கும். யாருக்கும் நான் நன்றி சொல்லவேண்டாம்." மேசையில் கிடந்த என் காகிதங்களை அடுக்கினார். "நாளைக்குக் கூட்டி வச்சுக் கேட்டா நீ என்ன சொல்லுவே?"

"நீங்க என்னம்மா சொல்லப் போறீங்க?"

"எனக்கு மறந்துபோச்சு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல். எழுந்து வாசல்வரை போனார். அங்கே நின்று, என்னைப் பார்க்காமல், "அவரை அவங்க முன்னாடி தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரலை, அதுக்குத்தான்" என்றவர், மீதியைச் சொல்லாமல் போய்விட்டார்.

8

ஆகவே, ஐந்தாம் பகுதியில் அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. மறந்து விடவில்லை, எழுத வராமலும் விடவில்லை. முடித்தால் அது வெறும் கதையாக இருக்காது. இந்த ஊரில் கண்டதை மாற்றிச் சாட்சி சொன்னவன் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். உள்ளதைச் சொன்னாலோ, பத்தொன்பது வருடமாக எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்ணின் முதுமையை நான் ஒரு வாய்ச் சாராயத்துக்கு விற்றவன் ஆவேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், நம்புங்கள்.

கதையில் மட்டுமாவது துணிந்து எழுதலாமே என்று இரண்டு வாக்கியங்களையும் எழுதிப் பார்த்தேன்.

அக்குவா தூஃபி குவளையை உதட்டருகே கொண்டுபோய், ஒரு வாய் குடித்தார்.

அக்குவா தூஃபி குவளையை உதட்டருகே கொண்டுபோய், குடிக்காமல் மேசையில் வைத்தார்.

இரண்டிலும் இலக்கணம் சரியாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று மான்சா அக்கா சொல்லியனுப்பினார்: வரும் ஞாயிறு மறுபடி கூடுகிறார்கள். இந்த முறை அக்குவாவின் தம்பியும் வருகிறார், அவருக்காக எல்லாவற்றையும் இன்னொரு முறை சாட்சிகளிடம் கேட்கப் போகிறார்கள். வாத்தியார் காலையிலிருந்து முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அக்குவா தூஃபி சந்தைக்குப் போய்விட்டார், வழக்கம்போல்.

நீங்கள் இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள். மூன்றடி தள்ளி என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றீர்கள். அவருடைய விரல்கள் இறுகியதை நான் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்தீர்கள். ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமை, "இன்னொரு சாட்சியும் இருக்கிறார்" என்று சொல்லி உங்களைத்தான் கூப்பிடப் போகிறேன். குடித்தாரா, வைத்தாரா? நன்றாக யோசித்து, உங்கள் மனசுக்கு நியாயம் என்று படுவதைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. நீங்கள் சொல்வதை அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்லப் போகிறவன் நான்.